ஜார்ஜ் கேன்டர் யூதரா? ஒரு வாழ்க்கை வரலாற்றைச் சரிபார்ப்பது எப்படி

கணித மேதை ஜார்ஜ் கேன்டரைப் பற்றி மூன்று கூற்றுகள் இருக்கின்றன. முதலாவது, 1937-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு புத்தகம் சொல்வது: கேன்டர் தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் சுத்தமான யூத வம்சம். இரண்டாவது, அதே 1937-இல் கோபன்ஹேகனில் உள்ள டேனிஷ் வம்சாவளி நிறுவனம் கொடுத்த சான்று: கேன்டரின் அப்பா பெயர் யூத சமூகப் பதிவேடுகளில் இல்லை, அவர் யூதர் அல்ல என்பதில் எந்தச் சந்தேகமும் இல்லை. மூன்றாவது, 1896-இல் கேன்டரே ஒரு கடிதத்தில் எழுதியது: என் அப்பா கோபன்ஹேகனில் யூதப் பெற்றோருக்குப் பிறந்தவர், அவர்கள் அந்த ஊர்ப் போர்த்துக்கீசிய யூத சமூகத்தைச் சேர்ந்தவர்கள்.

மூன்றுமே அச்சில் கிடைக்கின்றன. யாருக்கு எது பிடிக்கிறதோ அதை எடுத்து மேற்கோள் காட்டலாம். பல வருடங்களாக அப்படித்தான் நடக்கிறது.

வரலாற்று ஆய்வில் 'சான்று மதிப்பீடு' என்று ஒரு பழக்கம் உண்டு. ஒரு தகவலைப் படித்ததும் நம்பலாமா கூடாதா என்று யோசிப்பதற்கு முன்னால், இதை யார் சொன்னார், எப்போது சொன்னார், அவருக்கு எப்படித் தெரியும், எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொன்னார் என்று கேட்பது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், பட்டம் பெற்ற ஆய்வாளர்கள்தான் செய்ய முடியும் என்றில்லை. கேன்டர் விஷயத்தை வைத்தே இதைக் கற்றுக்கொள்ளலாம். இவ்வளவு நல்ல உதாரணம் வேறு எங்கும் கிடைப்பது கடினம்.

முதலில், யாரும் மறுக்காத விவரங்கள். கேன்டர் 1845 மார்ச் 3 அன்று ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தார். அப்பா ஜார்ஜ் வோல்டமார் கேன்டர் வணிகர், லூத்தரன் கிறிஸ்தவர். அம்மா மரியா அன்னா பேம் கத்தோலிக்கர், இசைக் குடும்பத்துப் பெண். 1856-இல், கேன்டருக்குப் பதினொரு வயதானபோது, குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. பெர்லினில் படித்து, 1869 முதல் 1913-இல் ஓய்வு பெறும்வரை ஹாலே பல்கலைக்கழகத்திலேயே பாடம் நடத்தினார். பள்ளியில் கணங்கள் பாடம் படித்த எல்லோருமே அவருடைய கணிதத்தைத் தொட்டவர்கள்தான். முடிவிலி என்பது ஒன்றே ஒன்று அல்ல, அதிலும் பெரியது சிறியது உண்டு, இயல் எண்களின் முடிவிலியை விட மெய்யெண்களின் முடிவிலி பெரியது என்று 1874-இல் நிறுவினார். அந்தக் கருத்து அன்றைய கணித உலகத்துக்கு எளிதில் செரிக்கவில்லை. 1918 ஜனவரி 6 அன்று ஹாலேயில் ஒரு மனநல மருத்துவமனையில் இறந்தார்.

அவர் லூத்தரனாக ஞானஸ்நானம் பெற்றவர், லூத்தரனாகவே வாழ்ந்தவர் என்பதிலும் சண்டை இல்லை. மதத்தில் அவருக்கு இருந்த ஈடுபாடு சும்மா பேருக்கு இருந்ததல்ல. முடிவிலியைப் பற்றிக் கத்தோலிக்க இறையியலாளர்களோடு பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதினார், போப் பதின்மூன்றாம் லியோவுக்கே எழுதினார். ஷேக்ஸ்பியர் நாடகங்களை எழுதியது ஃபிரான்சிஸ் பேக்கன்தான் என்று நிரூபிக்கவும் பல வருடங்களைச் செலவழித்தார். அது தனிக் கதை.

சரி, சண்டைக்கு வருவோம்.

சுத்தமான யூத வம்சம் என்று எழுதியவர் எரிக் டெம்பிள் பெல். கலிஃபோர்னியாவில் கணிதப் பேராசிரியர், அறிவியல் புனைகதை எழுத்தாளரும் கூட. அவருடைய 'மென் ஆஃப் மேத்தமேடிக்ஸ்' இருபதாம் நூற்றாண்டில் மிக அதிகமாகப் படிக்கப்பட்ட கணித வரலாற்று நூல்களில் ஒன்று. அதைப் படித்துவிட்டுக் கணிதத்துக்குள் வந்தவர்கள் ஏராளம். நடை அப்படி இழுத்துக்கொண்டு போகும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பெல்லின் கையில் கேன்டரைப் பற்றி என்ன இருந்தது? அந்தக் காலத்தில் கேன்டர் பற்றி உருப்படியாக இருந்தவை இரண்டு சிறு நூல்கள் மட்டுமே. 1927-இல் ஆர்த்தர் ஷோன்ஃபிளீஸ் எழுதியது ஒன்று, 1930-இல் ஆபிரகாம் ஃபிராங்கெல் எழுதியது இன்னொன்று. இரண்டிலும் அவருடைய சொந்த வாழ்க்கை பற்றி அதிகம் கிடையாது. பெல் அந்த இடைவெளியைக் கற்பனையால் நிரப்பினார்.

இங்கேதான் முதல்நிலைச் சான்றுக்கும் இரண்டாம் நிலைச் சான்றுக்கும் உள்ள வித்தியாசம் வருகிறது. சம்பவம் நடந்தபோது அதில் இருந்தவர் எழுதியது, அல்லது அப்போது பதிவானது, முதல்நிலை. கடிதம், ஞானஸ்நானப் பதிவு, மருத்துவமனைக் குறிப்பேடு எல்லாம் இதில் சேரும். அவற்றைப் படித்துவிட்டுப் பிறகு ஒருவர் எழுதுவது இரண்டாம் நிலை. இரண்டாம் நிலை என்றால் மட்டம் என்று பொருளில்லை. நல்ல வரலாற்று நூல்கள் எல்லாமே இரண்டாம் நிலைதான். ஆனால் ஒரு இரண்டாம் நிலை நூல், தான் சொல்வதற்கு எந்த முதல்நிலைச் சான்றும் காட்டவில்லை என்றால் அதைக் கையில் எடுக்கும்போதே கொஞ்சம் தயங்க வேண்டும். பெல்லின் வம்சாவளி வாக்கியத்துக்கு அடியில் எந்தக் காகிதமும் இல்லை.

இன்னொரு தொல்லை, எண்ணிக்கை. பெல் எழுதியதைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதினார்கள். அந்தப் பத்துப் பேரைப் பார்த்து இன்னும் நூறு பேர். நூறு நூல்களில் இருக்கிறதே, பொய்யாக இருக்குமா என்று தோன்றும். நூறும் ஒரே கிணற்றுத் தண்ணீர். நூறு வாளியில் வந்தாலும் கிணறு ஒன்றுதான். அதனால் எத்தனை நூல்கள் சொல்கின்றன என்று எண்ணுவதை விட, எது முதலில் சொன்னது என்று பின்னோக்கிப் போவதுதான் பயனுள்ள வேலை.

1971-இல் பிரிட்டிஷ் கணித வரலாற்றாளர் ஐவர் கிராட்டன்-கின்னஸ் அந்த வேலையைச் செய்தார். கேன்டரின் கடிதங்களையும் குடும்பத்தில் மிஞ்சியிருந்த ஆவணங்களையும் தேடிப் பார்த்து நீண்ட கட்டுரை எழுதினார். யூத வம்சத்துக்கு ஆதாரம் தனக்குக் கிடைக்கவில்லை என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. கேன்டரின் மனைவி வாலி குட்மான் யூதர் என்றும் அதே கட்டுரையில் குறிப்பிட்டார். கவனியுங்கள், அவர் சொன்னது ஆதாரம் கிடைக்கவில்லை என்பதுதான். யூதர் அல்ல என்று நிரூபணமானது என்று அவர் சொல்லவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

அடுத்து, கோபன்ஹேகன் சான்று. பார்க்க அசைக்க முடியாத ஆதாரம் போல இருக்கிறது. ஒரு நிறுவனம் கொடுத்தது, பதிவேடுகளைப் பார்த்துக் கொடுத்தது, "சந்தேகத்துக்கே இடமில்லை" என்ற தொனியில் எழுதியது. ஆனால் அதிலேயே உள்ள ஒரு விவரத்தைப் பாருங்கள். கேன்டரின் அப்பா "1809 அல்லது 1814-இல் பிறந்தவர்" என்கிறது. ஒருவர் பிறந்த வருடமே ஐந்து வருட வித்தியாசத்தில் ஊசலாடுகிறது என்றால், அவருடைய பிறப்புப் பதிவு அவர்கள் கையில் இல்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது. பிறப்புப் பதிவே கிடைக்காதவரைப் பற்றி, இந்தப் பதிவேட்டில் பெயர் இல்லை, அதனால் சந்தேகமில்லாமல் யூதர் அல்ல என்று எப்படி முடிவு கட்ட முடியும்? தேடிய இடத்தில் இல்லை என்பது ஒரு செய்தி. எங்குமே இல்லை என்பது வேறு செய்தி.

அந்த வருடத்தையும் பாருங்கள். 1935-இல் நாஜி ஜெர்மனியில் நியூரம்பர்க் சட்டங்கள் வந்துவிட்டன. தாத்தா பாட்டி நால்வரில் எத்தனை பேர் யூத சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்ற கணக்கை வைத்து ஒருவருடைய குடியுரிமை, வேலை, திருமணம் எல்லாம் தீர்மானிக்கப்பட்டன. வம்சாவளிச் சான்று என்பது அன்று ஆராய்ச்சிக்கான காகிதம் அல்ல, உயிர் பிழைக்கத் தேவைப்பட்ட காகிதம். அந்தக் காலத்தில் "யூதர் அல்ல" என்று வந்த எந்தச் சான்றையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. பொய் என்று தள்ளவும் முடியாது. அந்தக் காலத்தின் அழுத்தம் அதன் மேல் இருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஆவணத்திலேயே இன்னொரு தகவலும் உண்டு. டென்மார்க்கில் யூத வம்சாவளியில் தேர்ந்தவரான நூலகர் யோசஃப் ஃபிஷர், கேன்டர் யூத வழியினர் என்று காட்ட நெடுநாள் முயன்றும் பலனில்லை என்கிறது. தீவிரமாகத் தேடியிருக்கிறார்கள் என்று தெரிகிறது. முடிவு மட்டும் வரவில்லை.

மூன்றாவது, கேன்டரின் சொந்தக் கடிதம். பிரெஞ்சுக் கணித வரலாற்றாளர் பால் டானரிக்கு 1896-இல் எழுதியது. மூன்றில் எதை நம்புவாய் என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். காரணம் எளிது: தன் குடும்பத்தைப் பற்றித் தானே எழுதுகிறார், கடிதம் பெற்றவர் வரலாற்றாளர், பொய் சொல்வதால் அவருக்குக் கிடைக்கப்போவது ஒன்றுமில்லை. சொல்லப்போனால், யூத எதிர்ப்பு வளர்ந்துகொண்டிருந்த 1890-களின் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இப்படி எழுதுவதால் நஷ்டம்தான் வரலாம். தனக்குச் சாதகமில்லாத ஒன்றை ஒருவர் தானே ஒப்புக்கொண்டால் அதற்கு எடை அதிகம், நீதிமன்றத்திலும் சரி, வரலாற்றிலும் சரி.

ஆனால் இதிலும் ஓட்டை உண்டு. கேன்டர் கோபன்ஹேகனில் இருந்தவர் அல்ல. அப்பா பிறந்ததை அவர் பார்க்கவில்லை. தாத்தா பாட்டி எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்பதை வீட்டில் கேட்டுத்தான் தெரிந்திருப்பார். அப்பாவோ 1863-இலேயே இறந்துவிட்டார். ஆக, கேன்டர் தன்னைப் பற்றி என்ன நம்பினார் என்பதற்கு இந்தக் கடிதம் முதல்நிலைச் சான்று. தாத்தா உண்மையில் யார் என்பதற்கு அது காதில் விழுந்த செய்திதான். ஒரே காகிதம் ஒரு கேள்விக்கு முதல்நிலையாகவும் இன்னொரு கேள்விக்கு இரண்டாம் நிலையாகவும் இருக்கும். இதைப் பிடித்துக்கொண்டால் சான்று மதிப்பீட்டில் பாதி புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

இதே கேன்டர் பிற்காலத்தில் ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலுக்கும் தன் பூர்வீகத்தை எழுதினார். தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதத்தில், அப்பாவும் அம்மாவும் ஜெர்மன் இரத்தம் இல்லை, அப்பா கோபன்ஹேகனில் பிறந்த டேனிஷ்காரர், அம்மா ஆஸ்திரிய-ஹங்கேரிய வழி என்கிறார். யூதர் என்ற பேச்சே இல்லை. முரண்பாடா? இல்லை என்றே நினைக்கிறேன். ஒருவரிடம் நாட்டைப் பற்றிப் பேசினார், இன்னொருவரிடம் சமூகத்தைப் பற்றிப் பேசினார். நம்மிடமும் வெளியூரில் ஒருவர் "எந்த ஊர்?" என்று கேட்டால் ஒரு பதிலும், கல்யாண வீட்டில் ஒரு பெரியவர் கேட்டால் வேறு பதிலும் வரும்.

குடும்பத்துக்குள்ளிருந்தும் ஒரு காகிதம் இருக்கிறது. கேன்டரின் தம்பி லுட்விக் அம்மாவுக்கு எழுதிய கடிதம். மூலம் இல்லை, கேன்டர் விட்டுச்சென்ற காகிதங்களில் அதன் நகல்தான் இருக்கிறது. யூதர்களைப் பற்றி அதில் சில மோசமான வரிகள் உண்டு. அவற்றின் நடுவே ஒரு வாக்கியத்தின் சாரம் இது: நாம் பத்து மடங்கு யூத வழி வந்தவர்களாகவே இருக்கட்டும், எபிரேயர்களுக்குச் சம உரிமை வேண்டும் என்பதை நான் கொள்கையளவில் எவ்வளவுதான் ஆதரிக்கட்டும், பழகுவதற்கு எனக்குக் கிறிஸ்தவர்கள்தான் பிடிக்கும். ஒரு தரப்பு இதைப் படித்துவிட்டு, பார்த்தீர்களா, வீட்டுக்குள்ளேயே ஒப்புக்கொள்கிறார்கள் என்கிறது. மறுதரப்பு, "இருக்கட்டும்" என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வது, அதை வாக்குமூலமாக எடுக்கக் கூடாது என்கிறது. எனக்கு இரண்டாவது தரப்பின் இலக்கணம் சரியாகப் படுகிறது. ஆனால் யூதத் தொடர்பே இல்லாத ஒரு வீட்டில், அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில், இப்படி ஒரு பேச்சு எதற்கு வந்தது என்ற கேள்வியை அந்த இலக்கணத்தால் விரட்ட முடியவில்லை.

இவை தவிர, ஆதாரம் மாதிரி தோற்றமளிக்கும் சில விஷயங்களும் உலவுகின்றன. முடிவிலிகளின் அளவைக் குறிக்கக் கேன்டர் எபிரேய எழுத்தான அலெஃப்பைத் தேர்ந்தெடுத்தார், ஆகவே அவர் யூதர் என்பது மிகப் பிரபலம். கிரேக்க எழுத்துகளும் லத்தீன் எழுத்துகளும் கணிதத்தில் ஏற்கெனவே ஆளுக்கொரு வேலையில் மாட்டிக்கொண்டிருந்தன. புதிய கருத்துக்குப் புதிய எழுத்து தேவைப்பட்டது, ஜெர்மன் அச்சகங்களில் எபிரேய அச்செழுத்துகள் கையில் இருந்தன. இறையியல் படிக்கும் ஒரு லூத்தரனுக்கு எபிரேய எழுத்து அந்நியமும் இல்லை. அலெஃப்பை வைத்து வம்சத்தைக் கண்டுபிடிக்கலாம் என்றால், பை என்று எழுதிய எல்லோரும் கிரேக்கர்களாகிவிடுவார்கள்.

இவ்வளவு பேசியும் ஒரு கேள்வியை இன்னும் கேட்கவில்லை. 'யூதர்' என்று யாரைச் சொல்கிறோம்? யூத மரபுச் சட்டப்படி தாய் யூதராக இருந்தால் பிள்ளை யூதர். அப்படிப் பார்த்தால் அப்பாவைப் பற்றிய ஆராய்ச்சி அத்தனையும் வீண், அம்மாவைத்தான் பார்க்க வேண்டும். அம்மாவின் உறவினரான வயலின் கலைஞர் யோசஃப் பேம் யூதர் என்று சிலர் குறிப்பிட்டிருக்கிறார்கள், ஆனால் அதிலிருந்து அம்மா வரை வருவதற்கு நிறையப் படிகள் ஏற வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரஷ்ய அலுவலகத்துக்கு ஞானஸ்நானச் சான்று போதும், கேன்டர் கிறிஸ்தவர், விஷயம் முடிந்தது. நாஜிச் சட்டத்துக்கு நான்கு தாத்தா பாட்டிகளின் சமூகப் பதிவு வேண்டும். பெல் போன்ற எழுத்தாளருக்கு அது ஏதோ இரத்தத்தில் ஓடும் குணம். ஒரே மனிதரைப் பற்றி இந்த நான்கு பேரும் நான்கு பதில் சொல்வார்கள், அவரவர் கணக்கில் சரியாகவும் இருக்கலாம். சண்டை போடுகிறவர்கள் பெரும்பாலும் பதிலுக்காகச் சண்டை போடுவதாக நினைத்துக்கொண்டு கேள்விக்காகச் சண்டை போடுகிறார்கள்.

பெல்லின் வாக்கியம் வெறும் வம்சாவளிப் பிழையாக இருந்திருந்தால் இவ்வளவு அலச வேண்டியதில்லை. அதை அஸ்திவாரமாக வைத்து அவர் மேலே கட்டியதுதான் பிரச்சினை. கேன்டரின் பெரிய எதிர்ப்பாளர் பெர்லினைச் சேர்ந்த லியோபோல்ட் குரோனெக்கர். குரோனெக்கர் யூதக் குடும்பத்தில் பிறந்தவர் என்பதில் எந்த ஐயமும் இல்லை, வாழ்க்கையின் கடைசி வருடத்தில்தான் கிறிஸ்தவரானார். பெல் இந்த இருவரின் மோதலை, இரண்டு யூத அறிவாளிகள் சண்டை போட்டால் இப்படித்தான் ஈவிரக்கமில்லாமல் போடுவார்கள் என்ற ரீதியில் எழுதிவிட்டார். 1937-இல், உலகம் இருந்த நிலையில், ஒரு கணிதப் பேராசிரியர் இதை எழுதி, அது அச்சாகி, பல தலைமுறை மாணவர்கள் ரசித்துப் படித்திருக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் கோபம் தருகிறது. கேன்டரை லூத்தரன் என்று எடுத்துக்கொண்ட நொடியிலேயே அந்த விளக்கம் முழுக்க உதிர்ந்துபோகிறது.

உண்மையில் அந்த மோதல் எதைப் பற்றியது? முழு எண்களிலிருந்து, முடிவுள்ள படிகளில், கட்டிக் காட்ட முடிந்ததுதான் கணிதம் என்பது குரோனெக்கரின் நிலைப்பாடு. கேன்டரோ முடிவிலியை முழுமையான ஒரு பொருளாக எடுத்துக் கையாண்டார். இது கணிதக் கொள்கைச் சண்டை, இன்றும் வேறு வடிவங்களில் நடக்கிறது. தொடக்கத்தில் இருவருக்கும் பகையும் இல்லை. குரோனெக்கர் பெர்லினில் கேன்டரின் ஆசிரியர்களில் ஒருவர், 1870-களின் தொடக்கத்தில் கேன்டரின் ஒரு நிரூபணத்தை எளிதாக்க யோசனை சொன்னவர். 1877-இல் ஒரு புகழ்பெற்ற இதழுக்குக் கேன்டர் அனுப்பிய கட்டுரை தாமதமானபோது, குரோனெக்கர்தான் முட்டுக்கட்டை போடுகிறார் என்று கேன்டர் சந்தேகப்பட்டார். கட்டுரை 1878-இல் வெளிவந்துவிட்டது. ஆனால் மனத்தில் விழுந்தது விழுந்ததுதான். 1884-இல் ஸ்வீடன் நண்பர் மித்தாக்-லெஃப்லருக்கு அவர் 52 கடிதங்கள் எழுதினார், அத்தனையிலும் குரோனெக்கரைப் பற்றிய பேச்சு இருந்தது.

இங்கே மறுபடியும் அதே கேள்வி: இந்த 52 கடிதங்கள் எதற்குச் சான்று? கேன்டர் எவ்வளவு புண்பட்டிருந்தார் என்பதற்கு மறுக்க முடியாத சான்று. குரோனெக்கர் என்ன செய்தார் என்பதற்கோ, எதிர்த்தரப்பு இல்லாமல் ஒருவர் மட்டும் சொல்லும் வழக்கு. இந்த வேறுபாட்டை விட்டுவிட்டு எழுதப்பட்ட நூல்களில் குரோனெக்கர் சினிமா வில்லன் மாதிரி வருகிறார்.

அதே 1884-இல் கேன்டருக்கு முதல் பெரிய மனநலச் சரிவு வந்தது. தேறியதும், ஆகஸ்டில், அவரே குரோனெக்கருக்குச் சமாதானக் கடிதம் எழுதினார், பண்பான பதிலும் வந்தது. 1891-இல் ஜெர்மன் கணிதச் சங்கத்தின் முதல் கூட்டம் ஹாலேயில் நடந்தபோது, அதன் தலைவரான கேன்டர் தொடக்க உரைக்கு அழைத்தது குரோனெக்கரைத்தான். குரோனெக்கரின் மனைவி விபத்தில் சிக்கி இறந்ததால் அவரால் வர முடியவில்லை, அந்த வருட இறுதியில் அவரும் இறந்தார். கேன்டரை ஆழமாகக் காயப்படுத்திய இன்னொரு சம்பவம் எதிரியிடமிருந்து வரவில்லை, நண்பரிடமிருந்து வந்தது. 1885-இல் மித்தாக்-லெஃப்லர், தன் இதழில் அச்சுக்குப் போய்க்கொண்டிருந்த கேன்டரின் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார். இது நூறு வருடம் முன்கூட்டியே வந்துவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். அப்படியானால் நான் 1984 வரை காத்திருக்க வேண்டுமா என்று கேன்டர் பின்னால் கசப்போடு எழுதினார். வில்லன் கதையில் இந்த நண்பருக்கு இடமில்லை, அதனால் பிரபலமான கதைகளில் அவர் வருவதே இல்லை.

குரோனெக்கரின் கொடுமையால் பைத்தியமானார், அல்லது முடிவிலியை யோசித்து யோசித்துப் பைத்தியமானார் என்ற கதைக்கும் இதே கதிதான். குரோனெக்கர் இறந்தது 1891-இல். கேன்டர் மறுபடி மருத்துவமனைக்குப் போனது 1899-இல், அதன்பின் 1900-களில் பலமுறை. எதிரி இறந்து எட்டு வருடம் கழித்து நோய் திரும்புகிறது என்றால், எதிரிதான் காரணம் என்று சொல்வது கஷ்டம். 1899 டிசம்பரில் அவருடைய கடைசி மகன் ருடால்ஃப் திடீரென்று இறந்துபோனான். அந்தத் துயரத்துக்கு முடிவிலியைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. பிற்கால ஆய்வாளர்கள் அவருக்கு இருந்தது இருமுனைக் கோளாறாக இருக்கலாம் என்கிறார்கள். நூறு வருடம் கழித்து, நோயாளியைப் பார்க்காமல் சொல்லும் நோயறிதலையும் ஒரு கருத்தாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், ஆனாலும் தேதிகளோடு அது முட்டிக்கொள்ளவில்லை. முடிவிலிக் கதை முட்டிக்கொள்கிறது. முதல் சரிவுக்குப் பின்னால்தான், 1891-இல், அவர் புகழ்பெற்ற மூலைவிட்ட வாதத்தை, அதாவது சில முடிவிலிகள் மற்றவற்றை விடப் பெரியவை என்பதற்கான எளிய நிரூபணத்தை, முன்வைத்தார்.

அப்பா-மகன் உறவைப் பற்றியும் பெல் ஒரு கதை கட்டினார்: மகனைப் பொறியாளராக்க நினைத்த கண்டிப்பான அப்பா மகனின் மனத்தை நசுக்கிவிட்டார் என்று. 1862-இல், கணிதம் படிக்க அப்பா சம்மதித்தபோது, கேன்டர் நன்றி சொல்லி எழுதிய கடிதம் இருக்கிறது. பெல் அதைப் பயந்து ஒடுங்கிய மகனின் கடிதமாகப் படித்தார். கிராட்டன்-கின்னஸ் அதே குடும்பக் கடிதங்களைப் படித்துவிட்டு, பாசமுள்ள, மகனின் முன்னேற்றத்தில் அக்கறை கொண்ட ஓர் அப்பாவைக் கண்டார். கடிதம் கையில் இருந்தால் மட்டும் போதாது. முன்முடிவோடு படித்தால் அதே கடிதம் நாம் கேட்பதைத்தான் சொல்லும்.

பெல்லின் வழக்கம் கேன்டரோடு நிற்கவில்லை. துப்பாக்கிச் சண்டைக்கு முந்தைய இரவில் பிரெஞ்சுக் கணித மேதை எவாரிஸ்ட் கால்வா தன் கணிதத்தை விடியும்வரை எழுதித் தீர்த்தார் என்ற புல்லரிக்கும் காட்சியைப் பரப்பியதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கால்வாவின் முக்கியக் கட்டுரைகள் அதற்கு வெகு முன்பே எழுதப்பட்டவை, அந்த இரவில் அவர் செய்தது திருத்தங்களும் ஒரு நீண்ட கடிதமும். இதை டோனி ராத்மன் 1982-இல் விளக்கமாகக் காட்டினார். இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. பெல்லின் வாழ்க்கையை ஆராய்ந்து கான்ஸ்டன்ஸ் ரீட் 1993-இல் ஒரு நூல் எழுதினார். பெல் தன் சிறு வயதில் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே நகரில் வாழ்ந்த வருடங்களைச் சொந்த மகனிடம்கூடச் சொல்லாமல் மறைத்திருக்கிறார் என்று அதில் தெரியவந்தது. அடுத்தவர் வாழ்க்கையை அவ்வளவு உறுதியோடு எழுதியவர், தன் வாழ்க்கையில் ஒரு பகுதியையே அழித்துவிட்டிருந்தார்.

பெரிய பெயர்களின் பெயரில் உலவும் மேற்கோள்களையும் இதே போல உரசிப் பார்க்கலாம். கேன்டர் உருவாக்கிய கணக் கோட்பாடு ஒரு நோய், வருங்காலத் தலைமுறை அதிலிருந்து குணமாகும் என்று பிரெஞ்சு மேதை ஹென்றி புவான்காரே சொன்னதாகப் பல நூல்களில் படித்திருப்பீர்கள். 1991-இல் கணித வரலாற்றாளர் ஜெரமி கிரே அதன் வேரைத் தேடினார். புவான்காரே 1908-இல் ரோம் மாநாட்டுக்காக எழுதிய உரையில் இருந்தது வேறு. கேன்டரின் கோட்பாட்டில் முளைத்த முரண்பாடுகளைப் பார்க்கும்போது, அருமையான ஒரு நோயாளியைக் கவனிக்க அழைக்கப்பட்ட மருத்துவரின் மகிழ்ச்சி கிடைக்கும் என்பதுதான் அதன் சாரம். முரண்பாடுகளைப் பற்றிய ஒரு நையாண்டி, வாய் மாறி வாய் மாறி, மொத்தக் கோட்பாட்டின் மேல் எழுதிய சாபமாகிவிட்டது.

உயிரோடு இருப்பவர்களுக்கும் இது நடக்கும். தர்க்கவியலாளர் குர்ட் கோடலை யூதர் என்று தன் சுயசரிதையில் எழுதிவிட்டார் ரஸ்ஸல். கோடல் யூதர் அல்ல. அதைத் திருத்தி அவர் ஒரு கடிதம் எழுதினார். உண்மையின் பொருட்டுச் சொல்கிறேன், நான் யூதர் அல்ல, ஆனால் இந்தக் கேள்விக்கு முக்கியத்துவம் இருப்பதாக நான் நினைக்கவில்லை என்பது அதில் உள்ளது. எழுதியவர் அதை அனுப்பவில்லை, அவருடைய காகிதங்களுக்கிடையே கிடந்தது. யூதர் என்று தவறாக நினைத்து 1939-இல் வியன்னாவில் நாஜி இளைஞர்கள் அவரை வழிமறித்துத் தாக்கியதும் நடந்திருக்கிறது. அந்தக் கேள்விக்கு முக்கியத்துவம் இல்லை என்று அவர் எழுதியதை இதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

அப்புறம், கேன்டரைப் பற்றி ஒரு சிறு குறிப்பு எழுத வேண்டி வந்தால் என்ன செய்வது? "யூதக் கணித மேதை" என்றும் எழுதாதீர்கள், "அவர் யூதரே அல்ல" என்றும் எழுதாதீர்கள். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்: லூத்தரன் தந்தைக்கும் கத்தோலிக்கத் தாய்க்கும் பிறந்து லூத்தரனாக வளர்ந்தவர், தந்தையின் பெற்றோர் கோபன்ஹேகன் யூத சமூகத்தைச் சேர்ந்தவர்கள் என்று 1896-இல் அவரே எழுதினார், 1937-இல் பதிவேடுகளில் தேடியவர்களுக்கு அதற்கான பதிவு கிடைக்கவில்லை. நீளம்தான். ஆனால் எந்தத் தகவல் யார் வாயிலிருந்து வந்தது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும், நாளைக்கு ஒரு புதிய ஆவணம் கிடைத்தால் எந்தப் பகுதியைத் திருத்த வேண்டும் என்பதும் தெரியும்.